அத்தாவின் காப்பி

"இது என்னான்னு தெரியுதாம்மா?"

அவசரப் பிரிவின் வாசலில் நின்றுகொண்டு, ஐமான் தன் தாயின் முகத்துக்கு நேரே ஒரு காப்பிப் பெட்டியை நீட்டினான். கறுப்புப் பெட்டி. மேலே முன்னங்கால்களைத் தூக்கி நிற்கும் ஒரு குதிரை, கீழே 'ஆண்களுக்கு மட்டும்' என்று மலாயில் எழுத்து.

"அத்தாவுக்குக் கைலி எடுக்கலாம்னு கார் நிறுத்துற எடத்துக்குப் போயி கெரேத்தா பின்கதவத் திறந்தேன். சாமான் பைக்கு அடியில ஒளிச்சு வச்சிருக்காரு. பிரிச்ச பெட்டிம்மா!"

ஆயிஷா பெட்டியைப் பார்த்தாள். பிறகு, கணவரைக் கட்டிலோடு உள்ளே தள்ளிக்கொண்டு போன கதவின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"அழுவுங்க, இல்ல ஏசுங்க. சும்மா நிக்காதீங்கம்மா. யாரு அவ?"

கேட்கிறவன் கேட்பான். அவள் கணவர் காஜா மொய்தீனுக்கு நெஞ்சடைப்பு வந்து ஒரு வருஷம் ஆகிறது. "இருதயத்துக்கு ஆகாது ஆயிஷா" என்று தலையணையைத் தூக்கிக்கொண்டு ஹாலுக்குப் போனவர், அதன் பிறகு அறைப் பக்கமே வரவில்லை. அவள் பக்கத்தில் உட்கார்ந்து டிவி பார்க்கக்கூட அவருக்குப் பயம். அப்படிப்பட்ட மனுஷருக்குக் குதிரைக் காப்பி எதற்கு என்று யாருக்குத்தான் தோன்றாது?

மற்றபடி அவரைக் குறை சொல்ல முடியாது. நெஞ்சுவலி வராமலிருக்கக் கொடுத்த மாத்திரையை விழுங்காமல் ஒரு நாளும் கடைக்குக் கிளம்பியதில்லை. தானாக நிறுத்தக் கூடாது, சட்டென்று எழுந்து நிற்கக் கூடாது, கேட்காமல் வேறு மருந்தைத் தொடக் கூடாது என்று டாக்டர் சொன்னதையெல்லாம் கடைக்கு நாசி கண்டார் சோறு வாங்க வருகிறவர்களிடம்கூட ஒப்பிப்பார். சூலியா தெருவுக்கே தே தாரிக் தேநீர் ஆற்றிக் கொடுக்கிறவர், தான் மட்டும் சொந்தக் கடையில் ஒரு வாய் தண்ணீர் குடிக்க மாட்டார். சோறும் காப்பியும் வீட்டிலிருந்துதான் போக வேண்டும்.

இன்று காலை, கல்லாவில் உட்கார்ந்திருந்தபடியே கண் இருட்டிச் சரிந்துவிட்டார்.

தாதி வந்து இருவரையும் உள்ளே அழைத்தாள். காஜா மொய்தீன் கண் விழித்திருந்தார். ஒரு கையில் டிரிப் ஏறிக்கொண்டிருந்தது, இன்னொரு கை நெஞ்சைப் பிடித்திருந்தது.

"பிரஷர் ரொம்ப விழுந்திருந்துச்சு ஆண்ட்டி, இப்ப ஏறிடுச்சு" என்றாள் டாக்டர் கிளாடிஸ். "ஆனா நெஞ்சு வலிக்குதுங்கிறாரு. அங்கிள், நாக்குக்கு அடியில ஸ்பிரே அடிக்கப் போறேன். அதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கணும், வெக்கப்படாம சொல்லுங்க. ஆம்பளைங்க சாப்பிடுற மாத்திர, காப்பி, லேகியம்... அந்த மாதிரி எதாச்சும் சாப்பிட்டீங்களா?"

"சீச்சீ! என்னம்மா கேள்வி இது, மகன வச்சிக்கிட்டு?"

"கேட்டுத்தான் ஆகணும் அங்கிள். அதுலலாம் வெளிய சொல்லாம மருந்து கலந்து விக்கிறாங்க. உங்க நெஞ்சு மாத்திரையோட அது சேந்தாலே பிரஷர் விழுந்துடும். அதுக்கு மேல இந்த ஸ்பிரேயும் போச்சுன்னா உசுருக்கே ஆபத்து."

"வல்லாஹி, இல்லம்மா! அந்தக் கருமத்தையெல்லாம் நான் தொட்டதே இல்ல."

ஐமானின் முகம் சிறுத்துவிட்டது. பெட்டி அவன் ஜாக்கெட்டுக்குள் இருந்தது. பெற்ற தகப்பன் ஆண்டவன் பேரில் சத்தியம் செய்கிறார், அது பொய் என்று அந்நியப் பெண்ணிடம் எப்படிச் சொல்வது? சொல்லாமல் விட்டால் என்ன ஆகும்? அவன் தாயைப் பார்த்தான்.

"அம்மா, நீங்க சொல்லுங்களேன்" என்றான் மெதுவாக. ஆயிஷாவின் கண் டாக்டர் கையிலிருந்த ஸ்பிரேயின் மேலேயே இருந்தது.

"ஓகே அங்கிள், நம்புறேன். வாயத் திறங்க."

காஜா மொய்தீன் வாயைத் திறந்தார். டாக்டர் ஸ்பிரேயின் மூடியை எடுத்துக் குனிந்தபோது, ஆயிஷா கட்டிலைச் சுற்றி ஓடிவந்து அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"வேணாம் டாக்டர். குடிச்சிருக்காரு."

"ஆயிஷா! வல்லாஹின்னு சொல்லிட்டேன், இன்னும் உனக்கு என்னா சந்தேகம்?"

ஐமான் பெட்டியை எடுத்துக் கட்டிலில் போட்டான். "போதும் லா அத்தா. கெரேத்தாவுலதான் இருந்துச்சு. உசுரு போற நேரத்துலயும் பொய் சொல்லணுமா?"

டாக்டர் பெட்டியைத் திருப்பிப் பார்த்தாள். ஸ்பிரேயைத் தட்டில் வைத்துவிட்டு, வேறு மருந்தை எடுக்கச் சொல்லித் தாதியிடம் கை காட்டினாள்.

காஜா மொய்தீனுக்குக் கண் கலங்கிவிட்டது. "இத நான் கண்ணால கூடப் பாத்ததில்லடா. ஆயிஷா, முப்பது வருஷமா என்கூட இருக்கிற, நீயாச்சும் சொல்லு. நான் அப்படிப்பட்ட ஆளா?"

ஆயிஷா அவரைப் பார்க்கவில்லை. கட்டில் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு, டாக்டரிடம்தான் பேசினாள்.

"அவரு பொய் சொல்லல டாக்டர்... வெறும் மூலிகை வேர்தான்னு சொல்லி வித்தாங்க, பெட்டிய ஒளிச்சு வச்சுட்டு நான்தான் அவரு காப்பியில கலக்கிக் குடுத்தேன்."