அம்மா வீட்டு அலமாரி

எலோய்சா வீட்டு அலமாரியில், மேலே ஒட்டியிருந்த மெல்லிய மரத்தகடான வெனீர் உப்பிப் போயிருந்தது. ஈரத்துணி விரித்து, சூடான இஸ்திரிப் பெட்டியால் அழுத்தினேன். பழைய பசை இளகி, வெனீர் உரிந்து வந்தது. உள்ளே பார்த்ததும் எனக்குத் திக்கென்றது.

அவளைக் கூப்பிட்டுக் காட்டினேன். குனிந்து உற்றுப் பார்த்தாள்.

"உள்ள ஒண்ணும் பண்ணாதீங்க மேஸ்திரி. மேல புது வெனீர் ஒட்டி, பளபளன்னு பாலிஷ் போட்டுடுங்க."

சனிக்கிழமை நான் கடைசிப் பூச்சைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, அவளை விவாகரத்து செய்த ஃபெர்மின் லாரியோடு வந்தான். சாமான்களில் பாதி அவனுக்கு.

அவள் அலமாரியைக் கட்டிக்கொண்டு அழுதாள். "கட்டில், சோபா எல்லாம் எடுத்துக்கோ. எங்கம்மா குடுத்த இதை மட்டும் விட்டுடு."

"உனக்கு எது வலிக்குமோ அதுதான் எனக்கு வேணும்" என்றான் அவன். "வினாலெஸ் ஊர்ல, இப்ப என்கூட இருக்கிற டுல்சேவுக்குப் புது வீடு கட்டியிருக்கேன். தரையிலேர்ந்து கூரை வரைக்கும் மரம். இது அங்க எடுப்பா இருக்கும்."

லாரி தெருமுனை திரும்பியதும் எலோய்சா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"மேஸ்திரி, உள்ள இருந்த கரையானெல்லாம் உயிரோடதானே இருக்கு?"

"பசியோட இருக்கு" என்றேன்.