கேலரியில் அறுநூறு பேர்

“அப்போ மீதி அறுநூறு பேரு எங்க குந்துவாங்க மேஸ்திரி, உன் தலை மேலயா?”

கேட்டது கல்லூரி கிளார்க் ஜோசப்ராஜ். வேம்புலி கையிலிருந்த சுண்ணக்கட்டியை வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டான்.

பூந்தமல்லிக்கு வெளியே இருந்த அந்தக் கல்லூரியில், தை மாத விளையாட்டு விழாவுக்கு மைதானத்தில் கேலரி கட்டுவது அவன்தான். சவுக்குக் கம்பங்களின் மேல் பன்னிரண்டு வரிசைப் பலகை. எத்தனை பேர் உட்காரலாம் என்று எண்ணிச் சொல்வதும் அவன்தான்.

நூல் பிடித்து அளந்தால் கணக்கு வரும், ஆள் அடங்கமாட்டான் என்பான். அதனால் பலகையில் உட்காருவான், கோடு போடுவான், நகர்ந்து மறுபடி உட்காருவான். இன்று முழுக்க அதைத்தான் செய்தான். தூரத்திலிருந்து பார்த்தவர்களுக்கு, வெறும் மைதானத்தை ஒற்றை ஆள் இடம் மாற்றி மாற்றி வேடிக்கை பார்ப்பது போல இருந்திருக்கும்.

நாலு வருஷமாக ஆயிரத்து இருநூறு. அத்தனை சீட்டும் அச்சடித்துக் கொடுத்தாயிற்று. நாளைக்கு விழா.

இந்த வருஷம் அறுநூறு என்கிறான்.

ஜோசப்ராஜ் குரலைத் தாழ்த்தினார். “யுத்த நேரம். ஆவடி பட்டாளத்து கேம்ப்புல பலகைக்கு அலையிறானுங்க. பாதிய அறுத்து அங்க தள்ளிட்டியா? பிரின்சிபாலுக்குத் தெரிஞ்சா போலீஸ்தான்.”

“ஆத்தா மேல ஆணை சார். நீங்களே வந்து பாருங்க.”

பலகைகள் எல்லாம் இருந்தன. பன்னிரண்டு வரிசை. வேப்பமரத்திலிருந்து கொடிக்கம்பம் வரை, போன வருஷத்து அதே நீளம்.

ஜோசப்ராஜ் ஏறி, இரண்டு கோடுகளுக்கு நடுவில் உட்கார்ந்தார். பக்கத்தில் இன்னொரு ஆளுக்கு இடம் மீந்தது. அடுத்ததிலும் அப்படியே.

“இன்னாபா இது, வர்றவன்லாம் ஆனையா?” அவர் சிரித்துவிட்டார்.

வேம்புலி சிரிக்கவில்லை. மீந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். காலையிலிருந்து தன் கை ஏன் அவ்வளவு தூரம் எட்டிக் கோடு போட்டது என்று இப்போதுதான் புரிந்தது.

நாலு வருஷமும் அவனுக்கு இடப்பக்கம் அவன் மனைவி நாகம்மாள் உட்கார்ந்திருந்தாள். அவளைத் தாண்டிக் கை நீட்டி அவன் கோடு போடுவான். ரெண்டு, நாலு, ஆறு என்று அவள்தான் எண்ணுவாள். கடைசிப் பலகையில் ஆயிரத்து இருநூறு சொன்னதும் வெற்றிலையை எடுத்துக்கொண்டு, “இம்மாம் பேருக்கு எடம் பண்ணிட்டு நாம நின்னுகினு பாக்கணும்” என்பாள்.

போன ஐப்பசி மழையில் அவளை நெமிலிச்சேரி ஏரிக்கரையில் புதைத்தார்கள்.

“வெயில் எறங்கறதுக்குள்ள திருப்பி எண்ணிடு. பெயிண்டர் வந்து நம்பர் எழுதணும்” என்று சொல்லிவிட்டு ஜோசப்ராஜ் இறங்கத் தொடங்கினார்.

வேம்புலி துண்டால் முதல் கோட்டை அழித்தான். உட்கார்ந்தான். சுண்ணக்கட்டியோடு கையை நீட்டினான்.

கை மறுபடியும் அதே தூரத்தில் போய் நின்றது.

“சார்” என்றான். பாதிப் படியில் ஜோசப்ராஜ் திரும்பிப் பார்த்தார்.

“கொஞ்ச நேரம்... இப்படி என் பக்கத்துல வந்து குந்துறீங்களா?”