ஒரு நாள் மூத்தவர்

சுமோ கூடத்தின் மாடியறையில் மூன்று பேர் இருந்தார்கள். நடு மெத்தையில் கூடத்தின் தலைவர் இசெகாவா. அவருக்கு வலப்புறம் தாளும் தூரிகையுமாக மனைவி ஷிசூயே. கதவோரத்தில், சமையல் ஏப்ரனைக்கூட அவிழ்க்காமல் குரோநாமி. முப்பத்தோரு வருடம் மோதியும் சம்பளம் வரும் பிரிவுக்கு ஏறாத மல்லர் அவர்.

"வயசு நாப்பத்தாறு. ரெண்டு முட்டியும் தேஞ்சாச்சு. களத்துல விழுந்தா தூக்கிவிட ஆள் வேணும். விலகல் கடிதம் எழுதிடலாம்" என்றார் தலைவர்.

"இந்தப் போட்டி முடியுற வரைக்குமாவது பொறுக்கலாமே?" என்றார் குரோநாமி.

"போன போட்டியிலயும் இதே பேச்சுதான்" என்றார் ஷிசூயே, எழுதிக்கொண்டே.

"பயிற்சிப் பசங்க மனசு உடைஞ்சிடும்" என்றார் குரோநாமி.

"விடியக்காலையில எழுப்பித் திட்ட ஆள் இல்லைன்னு கொண்டாடுவாங்க!" என்றார் தலைவர்.

எழுதி முடித்த ஷிசூயே தூரிகையை நீட்டினார். குரோநாமி தலை குனிந்தார்.

தூரிகையை வாங்கி, விலகுபவர் என்ற இடத்தில் தன் பெயரை எழுதினார் இசெகாவா.

"பெரிய பட்டம் வாங்கி என்ன? முப்பதுலயே குடுமியை வெட்டி மோதலை விட்டுட்டேன், இப்போ கைத்தடி. எனக்கு ஒரு நாள் முந்தி இங்க சேர்ந்தவர் நீங்க, இன்னும் குடுமியோட நிக்கிறீங்க. தலைவரா இருந்துக்கிட்டு பசங்க முன்னால உங்களை அண்ணேன்னு கூப்பிட முடியலை. இனிமே கூப்பிடலாம். நாளைக்கு யாரோட மோதல், அண்ணே?"

"பத்தொன்பது வயசுப் பையன்."

"களத்துக்கு வெளியில தள்ளிட்டு வாங்க."

ஷிசூயே உறையை ஒட்டினார். அதைச் சுமோ சங்கத்தில் சேர்க்கக் குரோநாமியே கிளம்பினார், இரண்டிரண்டு படியாகத் தாவி இறங்கி.