பன்னிரண்டு வோல்ட் மரியாதை

திருவிழாப் பந்தலின் முகப்பில் ஆயிரம் பல்புகளால் ஆன மயில் ஒன்று தோகை விரித்து ஆடிக்கொண்டிருந்தது. அதை ஆட்டுவித்தது, பின்னால் தகரப் பெட்டிக்குள் இருந்த குட்டிக் கம்ப்யூட்டர். பல்புகளுக்குப் பன்னிரண்டு வோல்ட் மின்சாரம் போனது. கம்ப்யூட்டருக்கு மட்டும் அருகிலிருந்த மின்குறைப்பான் அதை ஐந்தாகக் குறைத்துக் கொடுத்தது.

"நான் சொன்னாத்தான் அதுங்க எரியும். அதுங்களுக்குப் பன்னிரண்டு, எனக்கு அஞ்சா?" என்று கம்ப்யூட்டர் கேட்டது.

"உங்க உடம்பு அவ்வளவுதான் தாங்குமுங்க," என்றது மின்குறைப்பான்.

"உடம்பு கெடக்குது. மரியாதை என்னாவது?"

பெட்டிக்குள் குடியிருந்த பல்லி "ச்சு ச்சு" என்றது.

"பாத்தியா, பல்லியே சொல்லிடுச்சு!"

"ஐயோ, நான் கொசுவைப் பாத்துச் சொன்னேன்," என்று பல்லி பதறியது. யாரும் கேட்கவில்லை.

நச்சரிப்புத் தாங்காமல் மின்குறைப்பான் கண்ணை மூடிக்கொண்டு பன்னிரண்டையும் அப்படியே விட்டது. "ஆகா!" என்றது கம்ப்யூட்டர். அதற்குப் பிறகு அது பேசவே இல்லை, புகைதான் வந்தது.

வெளியே, கடைசியாக வந்த கட்டளைப்படியே பல்புகள் எரிந்துகொண்டிருக்க, மயில் ஒற்றைக் காலைத் தூக்கியபடி அசையாமல் நின்றுவிட்டது. கூட்டம் ஒரு நிமிடம் திகைத்தது. பிறகு எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

விழாக் குழுத் தலைவர் மைக்கைப் பிடித்தார். "மத்த ஊர் மயிலெல்லாம் வெறுமனே ஆடுது. நம்ம ஊர் மயில்தான் தவம் பண்ணுது!"