ஆடு தின்ற கடைசிப் பக்கம்

"இந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க ஒருத்தர்கூட புத்தகத்த முழுசாப் படிக்கல. டீச்சரும் படிக்க வைக்கல. போட்டியிலருந்து பேர அடிச்சிருங்கம்மா!"

சவரியப்பன் சிவப்புப் பேனாவை மூடி மேசைமேல் வைத்தார்.

பொன்னமராவதிக்குப் பக்கத்தில் ஒரு கிளை நூலகம். பிள்ளைகளுக்கான கதை சொல்லும் போட்டி. ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் சவரியப்பன்தான் நடுவர். சொல்ல வேண்டிய கதையும் அவர் எழுதியதுதான். 'பஸ் ஏறிய மயில்'. விராலிமலை மயில் ஒன்று வீட்டில் கோபித்துக்கொண்டு திருச்சி பஸ்ஸில் ஏறிவிடுகிற கதை. பள்ளிக்கு ஒரு பிரதி என்று போன வருஷமே கொடுத்தாகிவிட்டது. ஜெயிக்கிற பள்ளிக்கு ஓர் அலமாரி நிறையக் கதைப் புத்தகங்கள் பரிசு.

காலையில் எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. டவுன் பள்ளியிலிருந்து வந்த செம்மல் ஒரு வரி பிசகாமல் ஒப்பித்தான். கடைசிப் பக்கத்தில் கண்டக்டர் மயிலுக்குச் சொல்லும் அறிவுரையை, 'ஆகவே குழந்தைகளே' என்று தொடங்கி முழுசாகச் சொன்னான். அச்சகத்தின் பெயரையும் சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தான்.

சவரியப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தப் பக்கத்தைத்தான் அவர் முதலில் எழுதினார். மயில், பஸ் எல்லாம் அப்புறம் யோசித்தவை. பக்கத்தில் இருந்த நூலகர் அமராவதி கொட்டாவி விட்டதைப் பார்த்தார். பாவம், பசி போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

அடுத்து வந்தார்கள் ஷர்லி டீச்சரின் கிராமத்துப் பள்ளிப் பிள்ளைகள்.

"மயிலு அந்த பஸ்லயே கண்டக்டர் ஆயிருச்சு சார். விசில் வேணாம். அது கத்துனாலே டிரைவர் வண்டிய நிப்பாட்டிருவாரு." இது சுடர்விழி.

"இல்ல சார், மயிலு திருச்சில எறங்கி, ஏர்போர்ட் பஸ் புடிச்சு, பிளேன்ல துபாய் போயி, எங்க அத்தாவக் கூட்டிட்டு வந்துருச்சு. தோகைய மட்டும் மடக்கி வச்சுக்கச் சொல்லிட்டாங்க." இது மர்யம். அவள் அப்பாவுக்குத் துபாயில் வேலை.

"மயிலு இன்னும் எறங்கவே இல்ல சார். நேத்துகூடப் பாத்தேன். ஜன்னல் சீட்டு." இது நிலவழகன்.

கூடம் முழுக்கச் சிரிப்பு. சவரியப்பன் சிரிக்கவில்லை. மூன்று பிள்ளைகள், மூன்று முடிவு. அவருடைய முடிவு ஒருத்தர் வாயிலும் வரவில்லை.

பேரை அடிக்கச் சொன்னதும் ஷர்லி டீச்சர் ஓடி வந்தார்.

"சார், கொஞ்சம் பொறுங்க. எங்க பிரதியில கடைசிப் பக்கம் இல்லீங்க. ஆடு தின்னுருச்சு."

"ஆமா சார்! கறுப்பு ஆடு!" என்றான் நிலவழகன்.

"போடா, அது செவல!" என்றாள் சுடர்விழி.

"புத்தகத்தக் குடுங்க."

அட்டை பிய்ந்து டேப் ஒட்டியிருந்தது. ஓரமெல்லாம் எண்ணெய் விரல்கள். கடைசித் தாள் இருந்த இடத்தைச் சவரியப்பன் தடவிப் பார்த்தார். நூல் பிடித்த மாதிரி நேராக வெட்டியிருந்தது.

"ஏன் டீச்சர், ஒங்க ஊரு ஆடு ஸ்கேல் வச்சுத்தான் மேயுமா?"

ஷர்லி பிள்ளைகளை ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுக் குனிந்தார்.

"மெதுவாங்க சார். அவங்களுக்குத் தெரியாது. நான்தான் பிளேடால எடுத்தேன்."

"என் புத்தகத்தயா?"

"அந்த ஒரு பக்கத்த மட்டும்ங்க. போன வருஷம் அஞ்சாங்கிளாஸுக்கு முழுசா வாசிச்சேன். பஸ்ஸு போற வரைக்கும் வாயப் பொளந்து கேட்டாங்க. கண்டக்டர் அறிவுரை சொல்ல ஆரம்பிச்சதும் அத்தன பேரும் தன்னால கையக் கட்டிக்கிட்டாங்க. முடிஞ்சதும் 'சரிங்க டீச்சர்'னு கோரஸாச் சொல்லிட்டுப் போனவங்கதான். அப்புறம் ஒருத்தரும் அந்தப் புத்தகத்தத் தொடல."

"இவங்க?"

"இவங்ககிட்ட கடைசிப் பக்கத்த ஆடு தின்னுருச்சுன்னு சொல்லிப் புத்தகத்தக் குடுத்தேன். அன்னையிலருந்து ஒரே அடிதடி சார். முடிவு வேற எதுலயாச்சும் இருக்குமான்னு பள்ளிக்கூடத்துல கெடந்த அத்தன புத்தகத்தயும் படிச்சுத் தீத்துட்டாங்க. இனிமே குடுக்க எங்கிட்ட ஒண்ணுமில்ல. அந்த அலமாரிய நம்பித்தான் கூட்டிட்டு வந்தேன்."

சவரியப்பன் அமராவதியின் பக்கம் திரும்பினார்.

"ஏம்மா, காலைல அந்தப் பையன் கடைசிப் பக்கம் சொன்னப்ப கொட்டாவி விட்டீங்களே, பசியா?"

"இல்லீங்க சார். அப்பத்தான் இட்லி சாப்ட்டு வந்தேன்."

சவரியப்பன் வெட்டிய இடத்தை இன்னொரு தடவை தடவிப் பார்த்தார். பிறகு மர்யமைக் கூப்பிட்டார்.

"துபாய் போய்ட்டு வந்த மயிலு அப்புறம் என்ன பண்ணுச்சு?"

"அத இன்னும் யோசிக்கல சார். வீட்டுக்குப் போய்த்தான் யோசிக்கணும்."

"யோசிச்சா எனக்கும் சொல்லு."

எழுந்து மைக்கைப் பிடித்தார்.

"ஆடு பண்ணுன தப்புக்குப் பிள்ளைங்க என்ன செய்யும்? அலமாரி ஷர்லி டீச்சர் பள்ளிக்குத்தான்!"

கைதட்டல் அடங்குவதற்குள், போட்டிக்கு வந்த பிள்ளைகளுக்குக் கொடுக்கக் கொண்டுவந்திருந்த தன் புத்தகக் கட்டைத் தூக்கிக்கொண்டார். அமராவதியிடம் ஸ்கேலும் பிளேடும் கேட்டு வாங்கினார். புத்தக ரேக்குக்குப் பின்னால் போய்விட்டார்.

திரும்பி வந்து ஆளுக்கொரு புத்தகம் கொடுத்தார். செம்மலுக்கும்தான். கடைசியில் பேப்பரில் சுற்றிய ஒரு பொட்டலத்தை ஷர்லியின் கையில் திணித்தார்.

"டீச்சர், இதையும் ஒங்க ஆட்டுக்கே போட்டுருங்க."