மூடாத அடைப்புக்குறி

நறுமுகை கணினி நிரல் எழுதும் எடிட்டரில் இருந்த செயற்கை நுண்ணறிவு அமைப்பு, அவள் கணவன் அருளாளன் எழுதியதைப் பார்த்துப் பழகியது. கறுப்புத் திரையில் இரண்டு சொல் அடித்தால், மீதி நிரலை அவனைப் போலவே எழுதும். அவன் செவ்வாய்க் கிரகத்துக்குப் போய் மூன்று வருடம் ஆகிறது.

அலுவலகத்தில் எல்லாருக்கும் புது அமைப்பு போட்டுக்கொண்டே வந்த ரெஹானா எட்டிப் பார்த்தாள்.

"அக்கா, இது ஒவ்வொரு வரியிலும் கடைசி அடைப்புக்குறியை விட்டுடுது. மாத்திடட்டுமா? ஒரு நிமிஷ வேலை."

"தொடாதேடி. அவர் எப்பவும் அப்படித்தான். 'மூடுறது உன் வேலை'ன்னு கீபோர்டை என் பக்கம் தள்ளுவார்."

"சரியான சோம்பேறி மாப்பிள்ளை!"

"ஆமா. வர இன்னும் நாலு வருஷம் இருக்கு."

ரெஹானா அதை மாற்றாமலே அடுத்த மேசைக்குப் போனாள்.

நறுமுகை ஒரு வரியைத் தொடங்கினாள். அது அவனாக ஓடி வந்து, கடைசி இடத்தில் நின்றது. அவள் உடனே மூடவில்லை.