பதினோரு அடி

முதல் உதை விழுந்ததுமே போ-யென்னுக்குப் புரிந்துவிட்டது, பக்கத்து நாற்காலியில் இருப்பவன் ஒன்றும் பெரிய பருப்பு இல்லை என்று. தைவானின் நடப்பு சாம்பியன் லியாவ், திரையில் மரம் மாதிரி நின்று அடி வாங்கிக்கொண்டிருந்தான்.

தைச்சுங் நகர அரங்கம். சண்டை வீடியோ கேம் போட்டியின் முதல் நாள். சீட்டுக் குலுக்கியதில் முதல் ஆட்டமே இவர்கள் இருவருக்கும் விழுந்திருந்தது.

லியாவ் திருப்பி அடிக்கவே இல்லை என்று சொல்ல முடியாது. ஒரு குத்து விட்டான். நிறுத்தினான். ஒரு உதை விட்டான். நிறுத்தினான். பிறகு ஒரு குட்டி உதை. விரல்களைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொன்றாக விட்டான், எல்லாம் காற்றில்தான். பயத்தில் ஆட்டமே மறந்துவிட்டது போலிருக்கிறது என்று போ-யென் நினைத்துக்கொண்டான்.

அவனுக்கு இது பழகிய சண்டைதான். பெங்ஹூ தீவில் அவனோடு மோத ஆள் கிடையாது. காற்றடித்தால் இணையமும் படுத்துவிடும். அதனால் இரண்டு வருடமாக கேமின் பயிற்சிப் பகுதியிலேயே குடியிருந்தான். அங்கே எதிரில் ஒரு பொம்மை நிற்கும். எவ்வளவு அடித்தாலும் சாகாது, திருப்பி அடிக்காது. இன்றைக்குத்தான் முதல்முறையாக ஒரு மனுஷனை அடிக்கிறான். மனுஷனும் பொம்மை மாதிரியே நின்றதில் அவனுக்கு ஏக சந்தோஷம்.

“என்னண்ணே, கையில சுளுக்கா?” என்றான்.

“இல்லியே. என் பக்கம் எல்லாம் சரியாத்தான் இருக்கு தம்பி. உன் பக்கம்?”

“எனக்கென்ன, ஜம்முன்னு இருக்கு!” என்று சொல்லிக்கொண்டே போ-யென் அவனைச் சாய்த்தான். முதல் சுற்று முடிந்தது. விழுந்த பிறகும் இவனுக்கு வாய் குறையவில்லை பார் என்று உள்ளுக்குள் சிரித்தான்.

இந்த வெற்றியை நம்பித்தான் அவன் கப்பல் ஏறியிருந்தான். கடலை மிட்டாய்க் கடை முதலாளி ஹுங் லீவு கொடுக்கும்போதே தெளிவாகச் சொல்லிவிட்டார். “அந்த லியாவை நீ ஜெயிச்சிட்டு வா, அப்புறம் நீ இந்த அடுப்புப் பக்கமே வர வேணாம். உன் ஆட்டத்துக்கு நானே ஆதரவு, சம்பளம் பாட்டுக்கு வரும். தோத்தீன்னா திங்கக்கிழமை காலைல வந்து கடலை வறுக்கணும். அந்த கேம் பொட்டியையும் வித்துடணும்.”

இரண்டாம் சுற்று தொடங்கியபோது லியாவ் ஜாய்ஸ்டிக்கையே கீழே வைத்துவிட்டு, பால் தேநீர்க் கோப்பையில் ஸ்ட்ராவைக் குத்தினான். சரணாகதி என்றால் இதுதான்!

சும்மா ஜெயித்தால் போதுமா? சரித்திரம் பேச வேண்டாமா? யாருக்கும் காட்டாமல் இரண்டு வருடம் பொத்திப் பொத்தி வைத்திருந்த பதினோரு அடியை போ-யென் அவிழ்த்துவிட்டான். முழங்கால், முழங்கை, சுழல் உதை என்று இடையில் மூச்சுவிட இடமில்லாமல் பதினொன்றும் விழுந்தன. சாம்பியன் சுருண்டு விழுந்தான்.

அப்போதுதான் லியாவ் ஸ்ட்ராவிலிருந்து வாயை எடுத்துத் திரையைப் பார்த்தான். “அட, இது புதுசா இருக்கே! எப்படிப் போட்ட?”

தோற்றவனிடம் கஞ்சத்தனம் காட்டுவது வீரனுக்கு அழகா? போ-யென் நாற்காலியை நெருக்கிப் போட்டுக்கொண்டு விரல் விரலாக விளக்கினான். “நாலாவது அடிக்கும் அஞ்சாவது அடிக்கும் நடுவுல எதிராளி குனிஞ்சா நான் செத்தேன். ஆனா அது எவனுக்கும் தெரியாதுண்ணே!”

“குனியணும்… நாலுக்கும் அஞ்சுக்கும் நடுவுல. ரொம்ப நன்றி தம்பி” என்றான் லியாவ், மனசார.

மேடைக்குக் கீழே ஒரு கைதட்டல் இல்லை. பாதிப் பேர் இன்னும் நாற்காலி தேடிக்கொண்டிருந்தார்கள். மீதிப் பேர் அதிர்ச்சியில் உறைந்துவிட்டதாக போ-யென் எடுத்துக்கொண்டான். கண்ணில் நீர் முட்டியது. மேடையிலேயே நின்றுகொண்டு முதலாளிக்குப் போன் போட்டான்.

“முதலாளி, லியாவ் காலி! ரெண்டு சுத்துலயும் சாச்சுட்டேன்!”

“நிஜமாவாடா?”

“நிஜமாத்தான். இனிமே நீங்களே வறுங்க. இன்னொண்ணு, ரெண்டு வருஷமா நெஞ்சுல கெடக்கு, சொல்லிடறேன். நம்ம மிட்டாய சுத்திப் பாக்க வந்தவன்தான் வாங்குறான். உள்ளூர்க்காரன் ஒருத்தன் வாங்குறானா? ஒரு தடவை தின்னவன் மறுபடி கடை வாசல மிதிக்க மாட்டான், அதான்!”

போ-யென் போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டான்.

“அப்புறம், உங்க தலையில இருக்கறது டோப்பான்னு தீவுக்கே தெரியும். நம்மூர்க் காத்துல அது எத்தனை தடவை பறந்திருக்கு! மீன் மார்க்கெட்ல நாந்தான் ஒரு தடவை தொரத்திப் புடிச்சேன்.”

“இவ்வளவுதானா?” என்றார் ஹுங், மிகவும் அமைதியாக.

“இப்போதைக்கு இவ்வளவுதான்!”

போன் துண்டிக்கப்பட்டது. போ-யென்னுக்கு மனசு பஞ்சு மாதிரி லேசாகிவிட்டது. இரண்டு வருடப் புகை, சூடு, வசவு எல்லாம் ஒரே போனில் கழிந்துவிட்டன.

மேடைக்குப் பின்னால் ஒயர்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த நடுவர்ப் பெண் தூசியைத் தட்டிக்கொண்டு வந்தாள். வெற்றியாளரின் கையை அவள் தூக்கிப் பிடிக்க வசதியாக, போ-யென் தானே வலது கையை உயர்த்திக் காட்டினான். அவளும் சிரித்துக்கொண்டே மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

“ரெண்டு பேரும் பட்டனெல்லாம் டெஸ்ட் பண்ணிப் பாத்தாச்சுல்ல? அப்ப போட்டிய ஆரம்பிச்சிரலாமா?”